அறிவு மேலாண்மையில் பிஎச்.டி. செய்தால் வேலை கிடைக்குமா?

எம்.பி.ஏ. முடித்த கையோடு உங்கள் மகள் ‘அறிவுசார் மூலதனம்’ பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறார், தலைப்பே புரியவில்லை, வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான் ஐயா.

தலைப்புதான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. பல வருஷம் ஒரே நிறுவனத்தில் இருந்தவர் ஓய்வுபெறுகிறார். எந்த இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும், எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. கட்டடமும் மேசை நாற்காலியும் கணக்கில் ஏறுகின்றன, இந்த அறிவு ஏறுவதில்லை. இதைத்தான் அறிவுசார் மூலதனம் என்கிறார்கள்; இதைக் காத்து அடுத்தவருக்குக் கைமாற்றுவதுதான் அறிவு மேலாண்மை. ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனம் 1991-லேயே இதற்கென்று லீஃப் எட்வின்சனை இயக்குநராக நியமித்தது. 1994 ஆண்டறிக்கையோடு தனி இணைப்பும் வெளியிட்டது.

இத்துறையில் பாதை இரண்டு. ஒன்று, அளப்பது. அதற்கு நிதியறிக்கை படிக்கவும் புள்ளியியலும் தெரிய வேண்டும். எச்சரிக்கையும் வேண்டும்: சம்பளச் செலவை மனித மூலதனமாக வைத்துக்கொண்டு, ஆண்டறிக்கை எண்களை ஒரே சூத்திரத்தில் போட்டெடுக்கும் ஆய்வேடுகள் ஏராளம். அரைத்த மாவையே அரைப்பதில் பட்டம் வரலாம், பெயர் வராது.

இன்னொன்று, அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று கவனிப்பது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். ஜப்பானிய ஆய்வாளர் நொனாகா எழுதிய ஓர் உதாரணம் பிரபலம். மட்சுஷிட்டா நிறுவனத்தின் வீட்டு ரொட்டி இயந்திரம் மாவைச் சரியாகப் பிசையவில்லை. மாவை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. மென்பொருள் வல்லுநர் இகுகோ தனாகா, ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். அவர் மாவை முறுக்கியபடியே இழுப்பதைக் கவனித்தார். அதன்பின் இயந்திரத்தின் உட்புறத்தில் வரிவரியான மேடுகள் அமைத்தார்கள், ரொட்டி சரியாக வந்தது. கேள்வித்தாள் கொடுத்திருந்தால் அந்த ரொட்டிக்காரர் இதை எழுதியிருப்பாரா? மகள் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் படிவம் அனுப்பி ஆய்வை முடிக்க நினைத்தால், தயவுசெய்து தடுங்கள்.

சரி, வேலை. ‘அறிவு மேலாளர்’ என்ற பதவி ஆலோசனை நிறுவனங்கள், பெரிய சட்ட நிறுவனங்கள், ஐ.டி. நிறுவனங்கள், வளர்ச்சி அமைப்புகளில் உண்டு. 2018-ல் ஐ.எஸ்.ஓ. 30401 என்ற தரநிலையும் வந்துவிட்டது. ஆனாலும் இடங்கள் குறைவு. கல்லூரி, பல்கலைக்கழக விளம்பரங்களில் மனிதவளம், வியூக மேலாண்மை, கணக்கியல், தகவல் அமைப்புகள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதனால் ஆய்வு இவற்றில் ஏதாவது ஒரு துறையில் வேர்விட வேண்டும். நேர்காணலில் ‘எந்தப் பாடம் எடுப்பீர்கள்?’ என்றால் பதில் தயாராக இருக்கும்.

சேருமுன் மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்க எந்த நிறுவனம் அனுமதி தரும்? வழிகாட்டியிடம் முன்பு ஆய்வு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அந்த மாணவர்களிடமே நேரில் பேசுவது உத்தமம், வழிகாட்டி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

உதவித்தொகை இல்லாத முழுநேர இடம் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் ஒரு வேலையில் சேரட்டும், அப்புறம் பகுதிநேரமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இந்தத் துறைக்கு அது இன்னும் நல்லது, வேலை பார்க்கும் இடமே ஆய்வுக்களமாகவும் ஆகிவிடலாம். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை மட்டும் முதலிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள்.