மகன் ஜோர்டன் கார்டை கிரேடிங்குக்கு அனுப்பச் சொல்கிறான்... அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமெரிக்க நண்பர் ஒருவர், ஃப்ளீர் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட மைக்கேல் ஜோர்டன் பாஸ்கெட்பால் கார்டை எங்கள் 15 வயது மகனுக்குக் கொடுத்திருக்கிறார். அதையும், தான் சேர்த்த இருபது புது பாஸ்கெட்பால் கார்டுகளையும், அசலா என்று பார்த்து நிலைக்கு ஏற்ப 1 முதல் 10 வரை மதிப்பெண் (கிரேடு) போடும் பிஎஸ்ஏ நிறுவனத்துக்கு அனுப்பி கிரேடு வாங்க வேண்டும் என்கிறான் மகன். அவன் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். ‘10 கிடைத்தால் எங்கேயோ போய்விடும்’ என்கிறான். எனக்கு இது சூதாட்டம் மாதிரி படுகிறது. தடுப்பதா, விடுவதா?

பதில்: சகோதரி, ஜோர்டன் கார்டை அனுப்புங்கள். மற்ற இருபதில் பெரும்பாலானவற்றை அனுப்ப வேண்டாம்.

ஜோர்டன் கார்டுக்கு முதல் தேவை மதிப்பெண்ணே இல்லை, அது அசல்தானா என்ற தீர்ப்பு. இந்தக் கார்டுக்குப் போலிகள் ஏராளம். முதலில் பின்பக்க எண்ணைப் பாருங்கள். 132 கார்டுகள் கொண்ட வரிசையில் ஜோர்டனுடையது 57. எண் 8 என்றிருந்தால் அது அதே ஆண்டு வந்த ஸ்டிக்கர். அதற்கும் விலை உண்டு, ஆனால் வேறு விலை. அசல் என்று உறுதியாகி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வந்துவிட்டால், 5 வாங்கினாலும் 6 வாங்கினாலும் வாங்குபவர் சந்தேகப்பட மாட்டார். கட்டணம் கொடுப்பது அதற்காகத்தான்.

10 வரும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் மகன் இப்போதே விட்டுவிடட்டும். பிஎஸ்ஏ இதுவரை பார்த்த ஆயிரக்கணக்கான இந்தக் கார்டுகளில் 10 வாங்கியவை 300-க்குச் சற்று மேல்தான். படம் நடுவில் சரியாக உட்காராமல் அச்சானவை நிறைய. வண்ண ஓரம் என்பதால் சிறு உரசலும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். 9-க்கும் 10-க்கும் கண்ணுக்கு எட்டுகிற வித்தியாசம் மிகச் சிறிது, விலையிலோ ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த விலையும் நிலையானதில்லை. 2021 ஜனவரியில் ஒரு 10 ஏலத்தில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டுக்குள் அதே தரம் இரண்டு லட்சம் டாலர் பக்கம் இறங்கிவிட்டது.

இனி புது கார்டுகள். உங்கள் பயம் இங்கே நியாயமானது. இப்போது எல்லோருமே பாக்கெட்டைப் பிரித்த கையோடு கார்டை உறையில் போட்டுவிடுகிறார்கள். அதனால் 10-களே ஏராளம். 9 வாங்கிய புது கார்டை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். கார்டு 30 டாலர், அஞ்சலும் காப்பீடும் சேர்த்து கிரேடிங் 30 டாலர் என்று வையுங்கள். 10 வந்து 120-க்கு விற்றால், ஈபே விற்பனைத் தளம் எடுத்துக்கொள்ளும் சுமார் 13 சதவீதம் போக 44 டாலர் மிச்சம். 9 வந்து 45-க்குத்தான் போனால் 21 டாலர் நஷ்டம். இரண்டு 9-க்கு ஒரு 10 வந்தால்தான் கையைக் கடிக்காது. இந்தக் கணக்கை ஒவ்வொரு கார்டுக்கும் மகனையே, உண்மையில் விற்ற விலைகளை வைத்துப் போடச் சொல்லுங்கள். கேட்கும் விலைகளை நம்ப வேண்டாம்.

யாருக்கு என்ன லாபம் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். எந்த மதிப்பெண் வந்தாலும் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. கிரேடு உயர்ந்து கார்டின் மதிப்பு நீங்கள் கட்டணம் கட்டிய பிரிவின் மதிப்பு வரம்பைத் தாண்டினால், கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். மதிப்பெண் போடுகிறவருக்கு மதிப்பெண் கூடினால் வருமானம் கூடும் ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. பிஎஸ்ஏவின் தாய் நிறுவனம் 2021-ல் கோல்டின் ஏல நிறுவனத்தையும் வாங்கி, 2024-ல் ஈபேயிடம் கைமாற்றியது. அதே ஆண்டு, கார்டுகளுக்குத் தரம் போடும் போட்டி நிறுவனமான எஸ்ஜிசியையும் வாங்கிக்கொண்டது. மறுபக்கம், தவறாகத் தரம் போட்டால் ஈடு தருவோம் என்ற உத்தரவாதமும் பெயர் கெடும் என்ற அச்சமும் அவர்களைக் கட்டிப்போடுகின்றன. ஆனாலும் 1991-ல் பிஎஸ்ஏ முதன்முதலாகத் தரம் போட்ட கார்டு, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் ‘டி206’ என்ற அரிய கார்டு, 8 வாங்கியது. தரம் போடுவதற்கு முன்பே அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். அதற்குள் அது கைமாறி கைமாறி 28 லட்சம் டாலர் வரை போயிருந்தது.

அதனால் பையன் ஆர்வத்தில் ஜோர்டன் கார்டைத் துடைப்பது, முனையை நிமிர்த்துவது, ஓரத்துக்கு மை தொடுவது எதையும் செய்யக் கூடாது. மாற்றம் செய்தது என்று கண்டுபிடித்தால் எண் மதிப்பெண் கிடையாது, விலையும் போய்விடும்.

கார்டை மென்மையான உறையில் போட்டு, அதை வளையாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நான்கு மூலைகளும் ஓரங்களும் தெரிய முன்னும் பின்னும் படமெடுங்கள். படிவத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வழியில் தொலைந்தால் ஈடு அந்தத் தொகைக்குத்தான் வரும். புது கார்டுகளில் கணக்குத் தேறுகிற இரண்டு மூன்றை மட்டும் சேர்த்து அனுப்பட்டும்.