கை நடுங்கும் பிள்ளைக்கு டேப்லெட்டில் ஓவியம் கற்றுத்தருவது வீண் செலவா?

பெருமூளை வாதத்தால் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுக்குள் வராத நிலை) கை நடுங்கும் மகளுக்காக இதைக் கேட்டிருக்கிறீர்கள். வீண் செலவே இல்லை. ஆனால் எந்த ஆப் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஐபேட் செட்டிங்ஸையும் பிடிக்கும் பேனாவையும் சரிசெய்வோம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஓவியம் சொல்லித்தருகிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

உங்கள் மகளைப் போலவே பெருமூளை வாதம் உள்ள ஒரு பெண் என்னிடம் வருகிறாள். ஒரு கோடு போடுவதற்குள் திரையில் தேவையில்லாத நாலு புள்ளி விழுந்துவிடும். ஐபேட் செட்டிங்ஸில், ஆக்சஸிபிலிட்டிக்குள் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ இருக்கிறது. விரல் எவ்வளவு நேரம் பதிந்தால் அதைத் தொடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் வைக்கலாம். கொஞ்சம் கூட்டியதுமே புள்ளிகள் குறைந்தன. கூடவே ‘கைடட் ஆக்சஸ்’ போட்டுவிட்டால் பிள்ளை தெரியாமல் ஆப்பை விட்டு வெளியே போகாது. இரண்டுக்கும் தனிக் காசு கிடையாது.

அடுத்தது ஸ்டைலஸ், அதாவது திரையில் வரையும் பேனா. பிடிக்க வசதியாகப் பஞ்சு சுற்றித் தடிமனாக்கு என்பார்கள். ரப்பர் முனை வைத்த மலிவு ஸ்டைலஸில் அப்படிச் செய்தால் கோடே விழாது. நம் உடம்பு வழியாக மின்சாரத் தொடர்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். பஞ்சுக்கு மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் ஒரு நுனி ஸ்டைலஸின் உலோகத்தைத் தொடும்படி விடுங்கள். அந்தப் பெண் அதை வைத்துத்தான் ஒரு காவடியை மயிலிறகோடு முழுசாக வரைந்து, தன் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

‘திரையில் வரைவதெல்லாம் ஓவியமா’ என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பெயின்ட் விரலில் பட்டாலே அலறும் ஆட்டிசப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் கேட்கட்டும். தாளையும் கிரேயானையும் நானும்தான் பக்கத்தில் வைக்கிறேன், தொடச் சொல்லி வற்புறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. இங்கே ஒரு பள்ளிக்கு டேப்லெட்டுகள் நன்கொடையாக வந்தன. பிள்ளைகள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், மறுநாளே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திருட்டுப் பயமாம்! சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் உள்ளடக்கிய கல்விக்கு, இங்குள்ள அரசு ‘வெள்ளை அறிக்கை 6’ என்ற கொள்கை ஆவணத்தை வெளியிட்டது 2001-இல். பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அதில் எழுத மறந்துவிட்டார்கள் போல.

சரி, புதிது வாங்காதீர்கள், பழைய ஐபேட் போதும். மகள் எந்தக் கையால் பிடிக்கிறாள் என்று கமென்ட்டில் சொன்னால், செட்டிங்ஸில் வைக்கும் அந்தத் தொடுதல் நேர அளவை எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.