பணம் போனது, ஆர்டர் வரவில்லை: ரீடைரக்ட் முறையை ஆப்பில் சேர்ப்பவருக்கு

கேள்வி: எங்கள் ஷாப்பிங் ஆப்பில் இதுவரை கார்டு மட்டும்தான் வைத்திருந்தோம். இப்போது வாடிக்கையாளரை வங்கியின் பக்கத்துக்கு அனுப்பி, பணம் கட்டியதும் ஆப்புக்கே திரும்பக் கொண்டுவரும் முறையைச் சேர்த்திருக்கிறேன். வெப்வியூவில், அதாவது ஆப்புக்குள்ளேயே வலைப்பக்கத்தைக் காட்டும் பெட்டியில், வங்கிப் பக்கம் திறக்கும். பணம் கட்டி முடிந்ததற்கான வெற்றி முகவரி வந்ததும் ஆப் ஆர்டரை உறுதி செய்யும். என் போனில் நன்றாக ஓடுகிறது. ஆனால் சோதனைக்குக் கொடுத்தவர்களில் சிலருக்குப் பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்தச் சிலரைக் கவனியுங்கள். பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் (பேமெண்ட் கேட்வே) டாஷ்போர்டில் வெற்றி பெற்ற கட்டணங்களின் பட்டியலை எடுத்து, உங்கள் ஆர்டர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஜோடி இல்லாதவற்றுக்கு இன்றைக்கே பணத்தைத் திருப்பிவிடுங்கள். கோடைத் திருத்துவது அதற்கு அப்புறம்.

சரி, தவறு எங்கே? வாடிக்கையாளர் ஆப்புக்குத் திரும்பி வருவதையே பணம் வந்ததற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். அங்கேதான். ஒரு வாடிக்கையாளரின் போனைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். வங்கிப் பக்கம் திறக்கிறது, அது வங்கியின் ஆப்பைத் திறக்கிறது. விரலை வைத்து ஒப்புதல் தருகிறார். பணம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் அழைப்பு வருகிறது. அல்லது நினைவகம் போதாமல், பின்னணியில் இருந்த உங்கள் ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடுகிறது. அல்லது, வேலை முடிந்ததென்று அவரே ஹோம் பட்டனை அழுத்திவிடுகிறார். உங்கள் வெற்றி முகவரி வரவே வராது. இன்னொரு பக்கம், அந்த முகவரியைத் தெரிந்துகொண்ட ஒருவர் பணமே கட்டாமல் அதைத் திறக்கவும் முடியும். ஆகவே திரும்பி வருவது திரையை மாற்றுவதற்கு மட்டும்தான். பணம் வந்ததா என்பதை உங்கள் சர்வர், பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் சர்வரிடமிருந்து நேராகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே தொடக்கமும் சர்வரில்தான். ஆப் கூடையை மட்டும் அனுப்பட்டும். தொகையைச் சர்வரே கணக்கிடட்டும். ஆர்டரைக் 'காத்திருப்பு' நிலையில் பதிந்து, கட்டணத்தை உருவாக்கி, வருகிற ரீடைரக்ட் முகவரியை மட்டும் ஆப்புக்குக் கொடுங்கள். அந்த நிறுவனம் உங்களுக்குத் தந்த ரகசிய விசை ஆப்புக்குள் இருக்கவே கூடாது. ஆண்ட்ராய்டு ஆப் இறங்கி வரும் ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நெட் மந்தமாக இருக்கும்போது பட்டனை இரண்டு முறை தட்டுவார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஐடெம்பொடென்சி விசை (அதே கோரிக்கைதான் மறுபடி வருகிறது என்று காட்டும் அடையாளம்) வைத்தால், இரண்டாவது தட்டலுக்குப் புதிய கட்டணம் உருவாகாது.

அடுத்து, வெப்வியூவை விட்டுவிடுங்கள். அதில் முகவரிப் பட்டை கிடையாது. தட்டச்சு செய்வது உண்மையில் வங்கியின் பக்கத்தில்தானா என்று வாடிக்கையாளர் பார்க்க வழியில்லை. தட்டச்சு செய்வதை உங்கள் ஆப் படிக்கவும் முடியும். உள்நுழைவுக்கு உட்பொதித்த வெப்வியூ வேண்டாம், பிரவுசரைப் பயன்படுத்துங்கள் என்று 2017இல் வந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்வதற்கும் இதே காரணம்தான். இது தவிர, வங்கி ஆப்பைத் திறக்கும் இணைப்பு வெப்வியூவுக்குப் புரியாமல் பிழைப்பக்கம் காட்டும். ஆண்ட்ராய்டில் கஸ்டம் டேப், ஐஃபோனில் சஃபாரி வியூ கன்ட்ரோலர் போதும். இரண்டும் ஆப்பின் மேலேயே உண்மையான பிரவுசரைத் திறப்பவை.

திரும்பும் வழிக்கு வருவோம். மொத்த வேலையில் அதிக நேரம் தின்பது இதுதான். சொந்தமாக ஒரு ஸ்கீம் (முகவரியின் தொடக்கத்தில் https இருக்கும் இடத்தில் உங்கள் ஆப்புக்கென வைக்கும் பெயர்) வைத்துக்கொள்வது சுலபம், ஆனால் அதே ஸ்கீமை வேறு எந்த ஆப்பும் உரிமை கோரலாம். ஆண்ட்ராய்டின் ஆப் லிங்க், ஐஃபோனின் யுனிவர்சல் லிங்க் இரண்டும் ஆப்பைத் திறக்கும் சாதாரண வலை முகவரிகள். அவை உங்கள் டொமைனோடு சரிபார்க்கப்படுவதால் அவற்றையே எடுங்கள். ஆண்ட்ராய்டில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டொமைன் இந்த ஆப்புக்கு உரியது என்று சொல்ல டொமைனில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் கோப்பில், ஆப்பில் கையொப்பமிட உங்கள் கணினியில் இருக்கும் சான்றிதழின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையைப் போட்டிருப்பீர்கள். ப்ளே ஸ்டோரில் கையொப்பத்தைக் கூகிளிடம் விட்டிருந்தால், ஸ்டோரிலிருந்து இறங்கும் ஆப்பின் கைரேகை வேறு. உங்கள் மேசையில் எல்லாம் ஓடும், வாடிக்கையாளரிடம் மட்டும் ஆப் திறக்காது. ப்ளே கன்சோலில் அந்தக் கைரேகை இருக்கிறது. அதையும் கோப்பில் சேருங்கள்.

ஐஃபோனில் சிக்கல் வேறு மாதிரி. தானாக நடக்கும் ரீடைரக்டுக்கு யுனிவர்சல் லிங்க் ஆப்பைத் திறக்கும் என்று நம்ப முடியாது. விரல் பட்ட இணைப்பென்றால் திறக்கும். அதனால் உங்கள் டொமைனில் ஒரு திரும்பும் பக்கம் வைத்து, அதில் 'ஆப்புக்குத் திரும்பு' என்று பெரிய பட்டன் கொடுங்கள். அந்தப் பட்டனின் இணைப்பு வேறு சப்டொமைனுக்குப் போகட்டும். ஒரே டொமைனுக்குள் போகும் இணைப்பை ஐஓஎஸ் பிரவுசரிலேயே திறந்துவிடும்.

இன்னொன்று. வங்கி ஆப் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும்போது, நீங்கள் திறந்த டேபுக்கே அனுப்பும் என்ற உறுதி இல்லை. போனின் வழக்கமான பிரவுசரில் கொண்டுபோய் விடலாம். அங்கே உங்கள் குக்கி (லாகினை நினைவில் வைக்கும் தகவல்) இல்லாமல் போகலாம். எனவே திரும்பும் பக்கம் லாகின் கேட்கக் கூடாது. ஊகிக்க முடியாத ஒரு டோக்கனை முகவரியில் வைத்து, அதைக்கொண்டு ஆர்டரின் நிலையை அந்தப் பக்கத்திலேயே காட்டுங்கள். ஆப் திறக்காவிட்டாலும் 'பணம் வந்துவிட்டது' என்ற வரியை அவர் பார்த்துவிடுவார்.

கட்டணத்தின் நிலையைச் சொல்லி நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு அனுப்பும் செய்திக்கு வெப்ஹுக் என்று பெயர். அது வந்ததும், நிறுவனம்தான் அனுப்பியது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபாருங்கள். செய்தி வரும் ஜேசான் வடிவத்தைப் பிரித்து மறுபடி கோர்த்தால் கையொப்பம் பொருந்தாமல் போகலாம், வந்த மூல வடிவத்தின் மேலேயே சரிபார்க்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும். செய்தியில் உள்ள நிகழ்வு எண்ணை ஒருமுறை மட்டுமே பதியும்படி வைத்து, தொகையும் நாணயமும் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வெப்ஹுக் வராமலும் போகலாம். அதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, காத்திருப்பில் கிடக்கும் ஆர்டர்களை எடுத்து நிறுவனத்திடம் நிலை கேட்கும் ஒரு வேலையைச் சர்வரில் ஓடவிடுங்கள். பணம் தாமதமாக வந்து அதற்குள் சரக்கு வேறொருவருக்குப் போயிருந்தால், பணம் தானாகத் திரும்ப வேண்டும்.

ஆப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிரவுசரைத் திறக்கும் முன் ஆர்டர் எண்ணைப் போனில் சேமியுங்கள். ஆப் முன்னால் வரும்போதெல்லாம் அந்த எண்ணின் நிலையைச் சர்வரிடம் கேளுங்கள். டேப் மூடப்பட்டதால் வாடிக்கையாளர் ரத்து செய்தார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பதில் தாமதமானால் திரையில் என்ன எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். நான் வேலை பார்த்த ஓர் ஆப்பில், முப்பது விநாடி ஆனதும் 'தோல்வி, மீண்டும் முயலவும்' என்று காட்டினோம். ஒரு வாடிக்கையாளர் நாங்கள் சொன்னபடியே மீண்டும் முயன்றார், மூன்று முறை. மூன்று முறையும் பணம் போனது. அன்றைக்கு அந்த வரியை இப்படி மாற்றினோம்: 'வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். மறுபடி பணம் கட்ட வேண்டாம். ஆப்பை மூடினாலும் முடிவு உங்களுக்கு வந்து சேரும்.' அந்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்தை நிறைவேற்றப் புஷ் அறிவிப்போ மின்னஞ்சலோ சர்வரிலிருந்து போக வேண்டும்.

வெளியிடும் முன், ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷனில் விட்டு வெளியேறிய திரைகளை உடனே அழிக்கும், 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்க வேண்டாம்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டு ஒருமுறை பணம் கட்டிப் பாருங்கள். ஒப்புதல் தந்த கையோடு நெட்டை அணைத்துப் பாருங்கள். வெப்ஹுக்கை இரண்டு முறை அனுப்பிப் பாருங்கள். ஸ்டோரின் சோதனைத் தடம் வழியாக இறக்கிய ஆப்பில் இவற்றைச் செய்யுங்கள். உங்கள் கணினியிலிருந்து நேராக ஏற்றிய ஆப்பில் அந்தக் கைரேகைச் சிக்கல் கண்ணில் படாது.