கிளிசரின் தடவியும் கால் ஏன் வறள்கிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மார்கழி பிறந்தாலே கெண்டைக்கால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. நகம் பட்டால் கோடு விழுகிறது. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி அப்படியே தடவினேன். பிசுபிசுப்புதான் மிச்சம், ராத்திரி அரிப்பு கூடிவிட்டது. மாமியார் தேங்காயெண்ணெய் போதும் என்கிறார். கடைக்காரர் யூரியா க்ரீமைக் காட்டுகிறார். எதைப் போடுவது?”

மாமியார் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் முதலில் அந்தக் கிளிசரின் ஏன் கைவிட்டது என்று பார்ப்போம்.

பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதங்களில் கிழக்கேயிருந்து அடிப்பது வறட்டுக் காற்று. அது உடம்பின் ஈரத்தை உறிஞ்சாமல் காப்பது, தோலின் ஆக மேலே இருக்கும், தாளைவிட மெல்லிய ஓர் அடுக்கு. உயிரற்ற செல்கள், இடையிடையே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடுதான். கெண்டைக்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு என்பதால் வறட்சி முதலில் அங்கேதான் தெரியும்.

கிளிசரினின் வேலை நீரை இழுத்துப் பிடிப்பது. காற்றில் ஈரம் இல்லையென்றால் தோலின் உள்ளடுக்கிலிருந்து இழுக்கும். மேலே மூடி இல்லாததால் அந்த நீரும் ஆவியாகிவிடும். தண்ணீர்கூடக் கலக்காமல் தடவியதால் உங்களுக்கு நடந்தது இதுதான். அதற்காகக் கிளிசரினைத் தள்ள வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள க்ரீமுக்குள் வந்தால் அது அருமையான பொருள்.

மூடியாக வேலை செய்வதில் வாசலினை மிஞ்ச ஆளில்லை. தேங்காயெண்ணெய் அந்த அளவுக்கு மூடாது, ஆனால் சொரசொரப்பைத் தணிக்கும். ஆலிவ் எண்ணெய் வேண்டாம்: 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது இந்த மேலடுக்கைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. விலை அதிகம் என்பதற்காக நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

க்ரீம் வாங்கும்போது பின்பக்கப் பொடி எழுத்தையும் கொஞ்சம் படியுங்கள். சோடியம் லாரில் சல்பேட் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அது நுரைக்கிற சரக்கு. தோலின் கொழுப்பையே கரைக்கும்.

யூரியாவில் அளவுதான் முக்கியம். 5 முதல் 10 சதவீதம் ஈரம் காக்கும். 20-க்கு மேல் போனால் தடித்த தோலை உரிக்கும். அது குதிகாலுக்குச் சரி, கெண்டைக்காலுக்கு வேண்டாம். சொறிந்து கீறல் விழுந்த இடத்தில் எந்த யூரியாவும் எரியும். அதனால் முதல் வாரம் கிளிசரினும் செராமைடும் உள்ள க்ரீம், அதன்மேல் ராத்திரி மட்டும் வாசலின். அரிப்பு அடங்கியபின் யூரியாவுக்கு மாறலாம்.

எதைப் போட்டாலும் குளித்துத் துண்டால் ஒற்றிய கையோடு, ஈரம் காயும் முன் போடுங்கள். கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். அப்புறம், காலுக்குத் தினமும் சோப்பு எதற்கு? தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, நம் கட்டி சோப்புகள் பெரும்பாலும் காரம்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, சிவந்து நீர் கசிந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் விரலிடுக்கில் மட்டும் க்ரீம் போடாதீர்கள். ஈரம் தங்கிப் புண்ணாகும்.