ஒரு கிலோ கேஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழல் பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் பிளாஸ்டிக் பையை விட்டேன். வீட்டில் தேவையில்லாமல் ஒரு விளக்குகூட எரியாது. ஆனால் நான் ஏசி மெக்கானிக். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைப் பெரும்பாலும் காற்றில்தான் திறந்துவிடுகிறோம். ஒரு நாளைக்கு இத்தனை வேலை முடிக்க வேண்டும் என்று கணக்கு. வீட்டில் ஒருவன், வேலையில் வேறொருவன் என்று இருக்கிறேனோ?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு நாட்களாக உங்கள் கடிதம் மனதைவிட்டுப் போகவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நானும் அதையே பேசிவந்திருக்கிறேன். அது என் குறைதான்.

பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். ஓசோனை அரிப்பது தனி. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என் ஆயுள் முழுக்க நான் சுமக்கும் துணிப்பைகள் செய்ய முடியாத நல்லதை, கேஸைக் காற்றில் விடாமல் பிடித்தால், உங்கள் ஸ்பேனர் ஒரே நாளில் செய்துவிடும்.

நீங்கள் இரண்டு ஆள் இல்லை. வீட்டில் நேரம் உங்களுடையது, வேலையில் முதலாளியுடையது, அவ்வளவுதான். வேலையிடத்தின் முடிவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஸ்காட்லாந்தின் அரசு மருத்துவமனைகளில் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை 2023இல் நிறுத்தினார்கள். அது கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்கு மோசம். அதைக் கைவிடச் சொன்னவர்களில் தினமும் அதைக் கையாண்ட மயக்கவியல் மருத்துவர்களே இருந்தார்கள். நிர்வாகம் முடிவெடுத்த பிறகு, அக்கறை இல்லாத மருத்துவரும் அதைத் தொட வழியில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கம்ப்ரஸர் ஓடுகிற ஏசி என்றால் பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோர் யூனிட்டிலேயே அடைத்துவிடலாம், சில நிமிட வேலை, என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த யூனிட் உடைசலுக்குப் போனால் கேஸ் அங்கே வெளியேறும். கம்ப்ரஸர் செத்துப்போன ஏசியில் அதுவும் முடியாது. கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷினும் அதை அடைத்துவைக்கச் சிலிண்டரும் வேண்டும், அவற்றை வாங்க வேண்டியவர் முதலாளி, நீங்கள் இல்லை. அவரிடம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரை அழைத்துக்கொள்ளுங்கள். மெஷினோடு நேரத்தையும் கேளுங்கள். கழற்றும் வேலைக்கு அரை மணி கூடுதலாகக் கணக்கில் வைக்காவிட்டால் மெஷின் மூலையில்தான் கிடக்கும்.

என்ன பதில் வந்தது என்று அவசியம் எழுதுங்கள்.