சொந்த ரவுட்டர் வாங்கும் முன் ஒரு லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் எங்களுடையது பழைய வீடு, சுவரெல்லாம் ஒரு முழத்துக்கும் மேல் கனம். ஃபைபர் போட வந்தவர்கள் மோடத்தை வாசல் அறையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 100 எம்பிபிஎஸ் பிளான். ஆனால் உம்மா (அம்மா) இருக்கும் உள் அறையில், துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) வீடியோ காலில் வந்தால் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது, உம்மா போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 4,500 ரூபாய்க்கு நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் காட்டினார்கள். கேபிள்காரரைக் கேட்டால் ‘வெளி ரவுட்டர் போட்டா லைன் ஓடாது’ என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: தம்பி, வாங்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். முதலில் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போங்கள், லேன் கேபிள் (நெட் ஒயர்) ஒன்றால் அதை மோடத்தோடு இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பாருங்கள். 90-க்கு மேல் வருகிறதா? அப்படியென்றால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில்தான், உங்கள் பணம் வேலை செய்யும். கேபிளிலேயே 20, 30 என்று இழுத்துக்கொண்டு நின்றால் 4,500 இல்லை 45,000 கொடுத்து வாங்கினாலும் ஒன்றும் மாறாது, கம்பெனிக்குப் புகார் சொல்லி லைனைச் சரிசெய்ய வைக்க வேண்டும்.

இந்தச் சோதனை உங்கள் கேபிள்காரருக்கும் பதில் சொல்லிவிடும். மோடத்தின் லேன் துளையில் லேப்டாப் செருகினால் நெட் ஓடுகிறது என்றால் அதே துளையில் ரவுட்டரும் ஓடும், மோடத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நாம் ‘மோடம்’ என்று சொல்லும் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியைக் கணினிக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது ஒன்று, அதற்குத்தான் ஓஎன்டி என்று பெயர். வீட்டில் இருக்கும் போன், டிவி எல்லாவற்றுக்கும் அந்த நெட்டைப் பங்கு வைத்து வைஃபையாகக் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையைச் செய்யும் பெட்டியை நாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அதன் சீரியல் நம்பர் எக்ஸ்சேஞ்ச் பக்கம் பதிவாகியிருக்க வேண்டும். அவர் மனதில் இருப்பது அதுவாக இருக்கும். நீங்கள் மாற்றப்போவது இரண்டாவது வேலையை மட்டும்.

சரி, எப்படி இணைப்பது? இரண்டு வழி. யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய வழி இது: மோடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளைப் புது ரவுட்டருக்குக் கொண்டுபோய், ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ மோடில், அதாவது வைஃபை மட்டும் கொடுக்கும்படி, போட்டுவிடுவது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்துவிட்டால் உம்மா வாசலிலிருந்து உள்ளே நடந்து போகும்போது போன் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும். மோடத்தில் லேண்ட்லைன் போன் செருகியிருந்தால் அதற்கும் ஒரு தொந்தரவும் இல்லை. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று பிரிட்ஜ் மோட். மோடம் ஒளியை மாற்றும் வேலையோடு நிறுத்திக்கொள்ள, மற்ற எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்குக் கம்பெனியிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்க வேண்டும்: மோடத்தை பிரிட்ஜில் போட்டுத் தருவார்களா, பிபிபிஓஇ (ரவுட்டர் நெட்டுக்குள் நுழையும் முறை) யூசர்நேம் பாஸ்வேர்டு என்ன, விலேன் நம்பர் (லைனில் நெட் வரும் தடத்தின் எண்) என்ன. பிஎஸ்என்எல் ஃபைபர் மாதிரி யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்து ஓடும் இணைப்பில் இது சுலபம். சில கம்பெனிகள் பெட்டியைப் பூட்டியே கொடுக்கிறார்கள், அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், முதல் வழியே போதும். மோடமும் ரவுட்டரும் இரண்டுமே ரவுட்டர் வேலை செய்தால் ‘டபுள் நேட்’ ஆகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். வீடியோ காலுக்கும் யூடியூபுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது, வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறந்து பார்ப்பது, சில ஆன்லைன் கேம் ஆடுவது போன்றவற்றில்தான் தகராறு வரும்.

இப்போது அந்த நான்கு ஆன்டெனாவுக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். அந்த ரவுட்டரை வாங்கி வாசல் அறையிலேயே, பழைய மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால், உங்கள் வீட்டுச் சுவர் அதே சுவர்தான். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை, அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும் 5 வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விடப் பலவீனம், ஒரு முழச் சுவரைக் கண்டால் படுத்துவிடும். வாசலிலிருந்து உள் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, ரவுட்டரை உம்மா இருக்கும் இடத்திலேயே வையுங்கள். 2,000 ரூபாய் சாதா ரவுட்டர் அங்கே வேலை செய்யும் அளவுக்கு 4,500 ரூபாய் ரவுட்டர் வாசலிலிருந்து வேலை செய்யாது. கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. சுவரைத் தாண்டி நோஞ்சானாக வந்த சிக்னலையே பிடித்துத் திருப்பி அனுப்பும் கருவி அது, பழைய வீடுகளுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். லேன் துளைகளின் வேகம் 10/100 என்றிருக்கிறதா, 10/100/1000 (கிகாபிட்) என்றிருக்கிறதா? ஏசி1200 என்று விற்கும் ரவுட்டர்களில் பலவற்றுக்குத் துளை 100 தான். 1200 என்பது வைஃபை வேகம், 2.4-ன் 300-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி எழுதிய கணக்கு, 100 துளை வழியாக 94, 95-க்கு மேல் உள்ளே வராது. இன்றைய உங்கள் பிளானுக்கு அது போதும், நாளைக்கு 200 போட்டால் அந்த ரவுட்டர் அங்கேயே நிற்கும், கொஞ்சம் கூடக் கொடுத்து கிகாபிட் துளை உள்ளதாக வாங்கிவிடுங்கள். மோடத்திலும் இதைப் பாருங்கள், சிலவற்றில் ஒரே ஒரு லேன் துளைதான் கிகாபிட், ரவுட்டருக்குப் போகும் கேபிளை அதில் செருக வேண்டும். நெட் உள்ளே வர போன் ஒயர் செருகும் சின்னத் துளை மட்டும் உள்ள பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், ஃபைபருக்கு ஆகாது.

நம் கரையோரத்துக்கு மட்டுமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அட்டையில் எழுதுவதில்லை. நான் இருப்பது மண்டபம், கடல் கூப்பிடு தூரம். போன வருடம் என் 200 பிளான் திடீரென்று 94-ல் நின்றுவிட்டது. கம்பெனிக்கு இரண்டு தடவை புகார், லைன்மேன் வந்து பவர் அளந்து பார்த்து ஒளி சரியாக வருகிறது என்று சொல்லிவிட்டார். கடைசியில் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளக்கின் எட்டுப் பற்களில் ஓரத்தில் இருந்த இரண்டின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது, செம்பு குடத்தில் களிம்பு ஏறுமே, அதே பச்சை. கிகாபிட் ஓட எட்டு ஒயரும் வேண்டும், 100 ஓட நான்கு போதும், அதனால் ஒயர் பழுதானால் பல கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். புதுப் பிளக் அடித்ததும் சரியாகிவிட்டது. அதுவரை ரவுட்டர் கடல் பார்த்த ஜன்னல் திட்டில் இருந்தது, அன்றைக்கே உள் சுவருக்கு மாற்றினேன். நீங்களும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், காற்றுக்குப் பயந்து பாலிதீன் பையைப் போட்டு மூடவும் வேண்டாம், சூட்டில் கெட்டுவிடும். லேன் கேபிள் வாங்கும்போது முழுக் காப்பரா என்று கேளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் உப்புக்காற்றில் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, கரண்ட் லைன் வழியாக வரும்.

கேள்வி: தங்கச்சிமடம். மோடம் பழசாகிவிட்டது, ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் ஓஎன்டி 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி நானே ஃபைபரைக் கழற்றி மாட்டலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. மேலே சொன்ன சீரியல் நம்பர் விஷயம்தான், கம்பெனிக்காரர்கள் பதிவு செய்யாவிட்டால் ஒளி வரும், நெட் வராது. முதலில் அவர்களிடம் கேளுங்கள், எந்த மாடல் ஓடும், என் பெட்டியைப் பதிவு செய்வீர்களா என்று. சரி என்றால் புதிதாகவே பில்லோடு வாங்குங்கள். இன்னொரு கம்பெனியின் பூட்டிய பெட்டிதான் அந்த விலைக்குப் பெரும்பாலும் வரும். கனெக்டரில் பச்சை, நீலம் என்று இரண்டு உண்டு, பச்சையின் முனை சாய்வாகச் சீவியது, இரண்டையும் மாற்றிச் செருகினால் சிக்னல் கெட்டுவிடும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது, உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். கம்பெனி மோடத்தைத் திருப்பிக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, பில்லில் இன்னும் வாடகை வருகிறது. போனில் கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள்.

பதில்: மோடத்தைக் கொடுத்தபோது சீரியல் நம்பரோடு ரசீது வாங்கினீர்களா அம்மா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் கொடுத்த தேதியைச் சொல்லி இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள், எழுத்தில் இருக்கட்டும். அடுத்து புகார் மையத்தில் டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள், நம்பர் இல்லாத புகார் புகாரே இல்லை. தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் காசு கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் புகாரெல்லாம் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. நான்கு மாத பில்லையும் பிரிண்ட் எடுத்து, வாடகை வரியைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.