வாகனம்: கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய 1958 மொறிஸ் மைனர் கார் சுன்னாகத்தில் ஒழுங்காகப் புறப்படுகிறது. கொக்குவிலில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது. காபரேற்றரை இரண்டு தடவை கழுவியாயிற்று. வேறென்ன செய்யலாம்? – சண்டிலிப்பாய் வாசகர்

பதில்: காபரேற்றரை விடுங்கள், பாவம் அது. அடுத்த முறை நின்றவுடன் முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. ஊசியால் துளையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

சத்தம் இல்லையா? சரி, சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் இருக்கும், பெற்றோலை இழுக்கும் மின்பம்ப் (எஸ்.யூ. தயாரிப்பு) சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, இணைப்புகளைப் பாருங்கள். அடிக்கவே இல்லையென்றால், திருப்புளிப் பிடியால் பம்பை மெதுவாகத் தட்டுங்கள். உயிர் வந்தால் உள்ளே பொயின்ற் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) கருகியிருக்கிறது. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, தடித்த காகிதத்தை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள்.

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயிலேயே என் மொறிஸை ஓட்டினேன். பெற்றோல் சில துளிதான், ஸ்ராட் பண்ண மட்டும். அப்படி ஓடிய வண்டியென்றால் தாங்கியின் அடிக்கசடையும் ஒருமுறை வடித்துப் பாருங்கள். பீடியை மட்டும் தூர வைத்துவிட்டு!